தரங்கம்பாடி: பால்டிக் கரையோர் விட்டுச் சென்ற ஊர்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால், நிலங்களினிடையே கைநீட்டிக் கிடக்கும் சிறு கடல் ஒன்றுண்டு. அதனைப் பால்டிக் கடல் என்பர். டென்மார்க்கு, சுவீடன், பின்லாந்து, உருசியா, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து, செருமனி என்னும் ஒன்பது நாடுகள் அதன் கரையில் அமைந்துள்ளன. அக்கடல் நம் வங்கக்கடலை ஒத்ததன்று. ஆறுகள் பல வந்து கலத்தலானும், பெருங்கடலோடு அதனை இணைக்கும் வாயில் மிகக் குறுகியதாதலானும், அதன் நீரில் உப்புக் குறைவு. ஏற்றவற்றமும் கண்ணுக்குப் புலப்படாத அளவே. பனிக்காலத்தில் அதன் வடபகுதி உறைந்து, கலம் செல்லும் நீர்ப்பரப்பு ஆள் நடக்கும் தரையாகிவிடும்.

இத்தகைய நாடுகளின் நகரங்களையும் நாட்டுப்புறங்களையும் கண்டு வந்தோர் எழுதிய பயணக் குறிப்புகளை யாம் விரும்பிப் படிப்பதுண்டு. ஆயின், கல்லூரி மாணாக்கராகிய எமக்கு அத்துணைத் தொலைவு சென்று வரப் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. எனினும், பால்டிக் கரையோர் அமைத்த நகர் ஒன்றைக் காணவேண்டின் கடல் கடக்க வேண்டுவதில்லை. யாம் வாழும் வடபழனியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் சென்றால் போதும். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீகாழி என்னும் ஊர்களைக் கடந்து, பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் இடையே, மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் அவ்வூர் உள்ளது. அதுவே தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை, இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள், இடையே ஆங்கிலர் சிலகாலம் கைப்பற்றியிருந்தது நீங்கலாக, டென்மார்க்கு நாட்டுக் கொடி பறந்த ஊர் அது. நண்பர் சிலருடன் சென்று யாம் கண்டவற்றையும், நூல்களிற் கற்றவற்றையும் தொகுத்து ஈண்டு உரைக்கின்றோம்.

ஊர்ப்பெயர்

தரங்கம் என்பது அலை. பாடி என்பது ஊர். 'அலைகள் பாடும் ஊர்' என்று இப்பெயர்க்குப் பலரும் பொருள் கூறுவர். கேட்பதற்கு இனிய பொருளே எனினும், இலக்கணம் அதற்கு இடந்தருமா என்பது ஐயம். ஆயர்பாடி, வாணியம்பாடி முதலிய பெயர்களில் பாடி என்பது குடியிருப்பையே குறிக்கின்றது; பாடுதலைக் குறிப்பதன்று. அன்றியும், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி எனப்படுகின்றது. சடங்கன்பாடியே நாளடைவில் தரங்கம்பாடியாகத் திரிந்தது போலும். டேனியர் நாவில் அது மேலும் திரிந்து திரங்கெபார் ஆயிற்று. ஆங்கிலர் அதனைத் திராங்குபார் என்றனர். ஒரூரின் பெயர் எத்தனை வாய்களிற் புகுந்து வந்ததோ, அத்தனை ஆட்சிகளை அவ்வூர் கண்டது என்று கொள்ளலாம்.

டேனியர் வந்த வரலாறு

பால்டிக் கடலின் வாயிலில் உள்ளது டென்மார்க்கு. அவ்வாயிலின் பெயர் ஓரெசுந்து நீரிணை. அதன் வழியே சென்ற கலங்கள் 1429 முதல் 1857 வரை டேனிய மன்னர்க்குச் சுங்கம் செலுத்தி வந்தன. அச்சுங்கத்தைக் காத்து நின்ற குரோன்போர்க்குக் கோட்டை எல்சினோர் என்னும் ஊரில் உள்ளது. ஷேக்சுபியரின் ஹாம்லெட்டு நாடகம் நிகழ்வது அங்கேயாதலின், அவ்வூர்ப்பெயர் நம் மாணாக்கர்க்கும் பழக்கமானதே.

சுங்கப் பொருளால் வளம் பெற்ற மன்னர் நான்காம் கிறிஸ்டியன், கீழ்த்திசை மிளகு வாணிகத்திலும் பங்கு பெற விரும்பினார். 1616-இல் டேனியக் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றியது. 1618-இல் ஓவே கியெட் என்னும் கடற்படைத் தலைவர் சில கலங்களுடன் புறப்பட்டார். அவருக்கு முன்னரே ரோலண்ட் கிராப்பே என்பார் ஒரு சிறு கலத்தில் அனுப்பப்பட்டார். தம் நாட்டு நீரிணையின் பெயரையே அக்கலத்திற்கு இட்டிருந்தனர். ஓரெசுந்து என்ற அக்கலத்தைக் காரைக்காலை அடுத்த கடலிற் போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தனர். கிராப்பேயும் உடனிருந்தோர் சிலரும் உயிர் பிழைத்துக் கரையேறித் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தனர். இலங்கையிற் கால்கொள்ள முயன்று அங்கு எண்ணம் நிறைவேறாத ஓவே கியெட்டும் பின்னர்த் தஞ்சைக்கு வந்து சேர்ந்தார். 1620 நவம்பரில் உடன்படிக்கை முடிந்தது. டேனியர் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டிக்கொள்ளவும், வாணிகம் நடத்தவும், ஆண்டுதோறும் நாயக்கர்க்குத் திறை செலுத்தவும் இசைந்தனர். நாயக்கர் டேனிய மன்னர்க்குப் பொன்னேட்டிற் பொறித்து விடுத்த தமிழ்த் திருமுகம் இன்றும் கோபன்கேகன் நகரத்து ஆவணக் களரியிற் பாதுகாக்கப்படுகின்றது. கரையேறிய டேனியர் ஒருபுறம் தமிழ்நாட்டில் நிலைகொள்ள, தமிழ் எழுத்தொன்று பொன்னில் ஏறிப் பால்டிக் கரையிற் குடிபுகுந்தது.

நகரின் தோற்றம்

ஊருள் நுழைவோரை முதற்கண் வரவேற்பது நகர வாயில். இப்போதுள்ள வாயில் 1792-இல், பீட்டர் ஆங்கர் என்பார் ஆளுநராய் இருந்த காலத்திற் கட்டப்பெற்றது. வெண்சுதை தீற்றிய அதன் முகப்பில் டேனிய அரச முத்திரையைக் காணலாம். மதில் பெரும்பாலும் அழிந்து போயினும் வாயில் நிற்கின்றது. சுவரில்லாத இடத்திற் கதவு நிற்பது போன்ற அத்தோற்றம் எம் உள்ளத்தை முதலிற் கவர்ந்தது.

வாயிலைக் கடந்ததும் நேரே கடலை நோக்கிச் செல்வது இராச வீதி. அதனையொட்டி இராணி வீதி, தட்டார் வீதி, கடற்படைத் தலைவர் பெயரால் வழங்கும் வீதி, பள்ளிவாசல் வீதி எனச் சிறு தெருக்கள் பல. நம் ஊர்களிற் கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமையும். ஈண்டுக் கோட்டையை நோக்கி அமைந்துள்ளன. இராச வீதியிலேயே இரு திருக்கோயில்கள் உள்ளன. சீயோன் ஆலயம் 1701-இல் டேனியர்க்கென எழுந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் தமிழ்ச் சபையார்க்கென எழுந்தது. அதன் முகப்பில் நான்காம் பிரெடெரிக்கு மன்னரின் பெயர்க்குறி பொறிக்கப்பட்டுள்ளது.

வீடுகள் எமக்குப் பெரிதும் வியப்பளித்தன. பனிநாட்டார் தம் வீடுகளில் வெயிலை உள்ளே அழைப்பர். ஈண்டு அவர்கள் வெயிலை வெளியே நிறுத்தக் கற்றுக்கொண்டனர். தடித்த சுவர், உயர்ந்த கூரை, வரிசைத் தூண் நிறுத்திய தாழ்வாரம், காற்று ஊடு செல்லும் முற்றம் ஆகியவை அவ்வீடுகளின் உறுப்புகள். தாழ்வாரத்தில் நின்று பார்த்தபோது, இஃது ஐரோப்பிய வீடா, நம் நாட்டுத் திண்ணை வீடா என்று துணிய முடியவில்லை. கட்டுவித்தோர் டேனியர், செங்கல் அறுத்தோரும் சுண்ணாம்பு அரைத்தோரும் சுவர் எழுப்பினோரும் தமிழர். வடிவம் இருவர்க்கும் உரியதாயிற்று.

தெருவின் முடிவிற் கடல். கடலருகே தான்சுபோர்க்குக் கோட்டை. டேனியர் கட்டிய கோட்டைகளுள், எல்சினோர்க் கோட்டைக்கு அடுத்தபடி பெரியது இதுவே என்பர். கீழ்த்தளத்தில் பண்டசாலை, வீரர் உறையுள், சிறைக்கூடம். மேல்தளத்தில் ஆளுநரும் குருவும் தங்கிய அறைகள். ஒட்டகத்தின் திமில் போல வளைந்து வளைந்து செல்லும் அதன் கூரை தொலைவிலிருந்தே தெரியும். இன்று கோட்டையினுள் தமிழக அரசின் தொல்லியல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. மேல்தளத்துச் சாளரத்தில் நின்று நோக்கினால் கடலன்றி வேறொன்றும் தோன்றாது. கலம் நிறுத்தத் துறைமுகம் ஒன்றும் அங்கில்லை. பெருங்கலங்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்குகளைக் கரைப்படகுகளில் ஏற்றி அலை தாண்டிக் கொணர்வர். அலையடங்கிய பால்டிக் கடலிற் பழகிய மாலுமிக்கு இக்கரை எத்துணை அச்சம் தந்திருக்கும்! அவ்வச்சத்தைக் கடத்திவிட்டோர் நம் கரையோரப் படகோட்டிகளே.

கைவிடப்பட்ட காவலன்

தரங்கம்பாடி வரலாற்றில் எம்மை நெடிது சிந்திக்கச் செய்த பகுதி ஒன்றுண்டு. ஐரோப்பாவில் டென்மார்க்கு பெரும் போர்களில் ஈடுபட்டு வறுமையுற்றது. 1640-களின் தொடக்கம் முதல் 1669 வரை, தாய்நாட்டிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கலமும் வரவில்லை, மடலும் வரவில்லை. இருந்த டேனியர் நோயால் இறந்தனர். எஞ்சினோர் பிறரிடம் பணிக்குச் சென்றனர். 1655 அளவில் டேனியர் என்று சொல்லத்தக்கவராய் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் ஒருவரே எஞ்சினார். அவர் உயர்குடித் தலைவர் அல்லர், எளிய போர்வீரர்.

அவ்வொருவர் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி அரண் எழுப்பினார். தஞ்சையாரின் முற்றுகையைத் தாங்கினார். வங்கக்கடலிற் பிறர் கலங்களைக் கைப்பற்றிப் பொருள் ஈட்டியதும் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. 1669-இல் பேரோ என்னும் கலம் வந்து சேர்ந்தபோது, அவரைத் தலைவராக உறுதி செய்யும் அரசாணையும் உடன் வந்தது.

ஒருவர் தனித்துக் கோட்டை காத்தார் என்று நூல்கள் எழுதுகின்றன. தனித்து எவ்வாறு காத்தல் இயலும்? மதிலுக்கு மண் சுமந்தோர் யார்? அரிசி விற்றோர் யார்? இரவிற் காவல் நின்றோர் யார்? அவ்வூர்க் குடிகளன்றோ! தமிழரும், போர்த்துக்கீசிய மொழி பேசிய இந்தியரும், முகமதிய வணிகரும், பரதவரும் உடனிருந்ததனாலேயே ஒற்றை டேனியர் கொடி ஏற்ற முடிந்தது. அக்கொடியின் வரலாற்றில் அவர்தம் பெயர்களைத் தேடினோம். கிடைத்தவை மிகச் சில.

அச்சும் ஏடும்

1706 சூலைத் திங்கள் 9-ஆம் நாள், நான்காம் பிரெடெரிக்கு மன்னர் விடுத்த இரு செருமானிய இளைஞர் இங்குக் கரையேறினர். ஒருவர் பர்த்தொலொமேயு சீகன்பால்கு. மற்றவர் என்ரிக்கு புளுட்சோ. சீகன்பால்குக்கு அப்போது அகவை ஏறத்தாழ இருபத்து நான்கு. அவர் திண்ணைப் பள்ளியிற் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். இரண்டாண்டுகளில் தமிழ் ஏட்டுச்சுவடிகள் நூற்றுக்கு மேல் தொகுத்து, அவற்றிற்கு 1708-இல் ஓர் அட்டவணையும் வகுத்தார். ஆளுநர்க்கும் அவர்க்கும் பகை மூண்டது. அதனால் தான்சுபோர்க்குச் சிறையில் நான்கு திங்கள் அடைபட்டார். தம் மன்னர் விடுத்த குருவைத் தம் மன்னரின் கோட்டையிலேயே சிறையிட்ட செய்தி, ஐரோப்பியர் அனைவரும் ஒரே நோக்குடையர் என எண்ணுவோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அச்சுப்பொறி 1712-இல் வந்தது. ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் மறு ஆண்டு வந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்தமையின் காகிதம் போதவில்லை. ஆகவே, பாற்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர் என்பர். புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. அண்மையிலுள்ள பொறையாற்றிற் காகித ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. தமிழில் அச்சு இங்கேதான் முதலில் தோன்றியது என்று சிலர் கூறுவது பொருந்தாது. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறிவிட்டது. ஆயினும், இடையறாது நூல்கள் வெளிவரத் தொடங்கியது தரங்கம்பாடியிலேயே.

அவர்தம் தமிழ் நடை குற்றமற்றதன்று. வீரமாமுனிவர் அதனைக் கடுமையாகச் சாடினார். கற்போர் நிலையில் நின்று நோக்கின் அச்சாடல் தமிழுக்கு நலமே செய்தது. பின்வந்தோர் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருத்திச் செம்மை செய்தனர். அவருள் ஒருவரான பப்ரீசியு சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1779-இல் அகராதி வெளியிட்டார். தரங்கம்பாடியிற் பணியாற்றிப் பின்னர் வேப்பேரிக்கு வந்த இராட்லர் மற்றோர் அகராதி தொகுத்தார். வடபழனியிலிருந்து வேப்பேரி நெடுந்தொலைவன்று. தரங்கம்பாடியின் ஒரு கிளை சென்னை நகரிலேயே தழைத்தது என்பதை நம்மவர் பலர் நினைப்பதில்லை.

பயணிகள் எழுதும் குறிப்புகளிற் பெரும்பாலும் ஒரு குறை உண்டு. பார்ப்போர் பேசுவர்; பார்க்கப்படுவோர் பேசார். தரங்கம்பாடியில் இக்குறை ஓரளவு நீங்கியது. 1712 முதல் 1714 வரை தமிழரிடம் அவர்தம் சமயம், ஒழுக்கம், கல்வி, வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி வினா விடுத்து, அவர்கள் விடுத்த விடைமடல்கள் 99-ஐச் செருமானியத்தில் மொழிபெயர்த்து ஆலே நகரில் அச்சிட்டனர். கிறித்தவர்தம் ஒழுக்கத்தைக் குறைகூறும் மொழிகளும் அம்மடல்களில் உள்ளன. தன்னைப் பற்றிய கண்டனத்தைத் தானே அச்சிட்டு வெளியிட்ட அச்செயலை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

புகழ்ச்சிக்குரியன கூறிய வாயால் வருந்தத்தக்கனவும் கூறுதல் வேண்டும். 1733 டிசம்பர் 28-ஆம் நாள் ஆரோன் என்பார் இங்கே குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் காலத்திலேயே இராசநாயக்கன் என்னும் தொண்டர், பணியில் எவர்க்கும் இளையாதவர், குலத்தைக் காரணம் காட்டிப் பட்டம் பெறாது விடப்பட்டார். கோயிலினுள்ளும் குலம் நோக்கிப் பிரித்து அமர்த்தும் வழக்கம் நிலவியது. மேலும், பஞ்ச காலங்களில் வயிற்றுக்கின்றி விற்கப்பட்ட ஏழைகள் அடிமைகளாக இக்கரையிலிருந்து கலமேற்றப்பட்டனர். இராச வீதியின் அழகில் மயங்குவோர் இவற்றையும் அறிந்து நடத்தல் வேண்டும்.

நாட்டுப்புறமும் ஒரு மருத்துவரும்

நகர வாயிலுக்கு வெளியே காவிரிக் கடைமடை தொடங்குகின்றது. பொறையாறு, திருக்கடையூர் முதலிய ஊர்ப்புறங்களில் நெற்கழனிகளும், வாய்க்கால்களும், பனை வரிசைகளும், கரையோரச் சவுக்குத் தோப்புகளும் மாறி மாறி வருகின்றன. மேட்டூரில் திறந்த நீர் எல்லாக் கழனிகளையும் நனைத்து இறுதியில் வந்து சேரும் இடம் இது. மழை பொய்த்தால் முதலில் வாடுவதும், மழை மிகுந்தால் முதலில் மூழ்குவதும் இக்கடைமடையே. எங்கு நோக்கினும் குன்றொன்று இல்லை. டென்மார்க்கும் அவ்வாறே தாழ்ந்து பரந்த நாடு; அதன் மிக உயர்ந்த மேடு ஏறத்தாழ 170 மீட்டரே. நம் பரங்கிமலையின் இருமடங்கும் அன்று. மலையற்ற நாட்டிலிருந்து மலையற்ற நாட்டிற்கு வந்தோர்க்கு வானத்தின் விரிவேனும் பழக்கமாய்த் தோன்றியிருக்கும்.

இந்நாட்டுப்புறத்தைக் கூர்ந்து நோக்கிய பயணி ஒருவர் உண்மையாகவே பால்டிக் நாட்டார். யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பது அவர் பெயர். இன்றைய லாத்வியா நாட்டுப் பகுதியில் 1728-இல் பிறந்தார். சுவீடன் நாட்டு இயற்கை நூலறிஞர் இலின்னேயுவிடம் பயின்றார். 1768-இல் தரங்கம்பாடிச் சபையின் மருத்துவராய் வந்தார். நோயாளரைக் கண்ட நேரம் போக, எஞ்சிய பொழுதெல்லாம் வயல் வரப்பிலும் கடற்கரையிலும் செடிகொடிகளைத் தேடித் திரிந்தார். தஞ்சை நாட்டுக் கறையான் புற்றுகளை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779-இல் வெளிவந்தது. பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், ஆங்கிலக் கும்பினியிடமும் பணியாற்றிச் சயாம் நாடு வரை சென்று வந்தார். 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஊரிற் கழிச்சல் நோயால் உயிர் நீத்தார். தரங்கம்பாடியிற் பின்வந்த இராட்லர் முதலியோர் தாவர ஆராய்ச்சியில் இறங்குவதற்கு அவரே வழிகாட்டி.

அவர்க்கு நிறுவப்பெற்ற நினைவுச்சின்னம் நம் அடுக்களைகளில் உள்ளது. கறிவேப்பிலை மரத்திற்குத் தாவர நூலார் இட்ட பெயர் பெர்கெரா கோனிகி. கோனிக் அனுப்பிய மாதிரிகளைப் பெற்ற இலின்னேயு, மாணாக்கர் பெயரை அம்மரத்திற்குச் சூட்டினார். வடபழனிக் காய்க்கடைகளிற் கொசுறாகக் கிடைக்கும் அத்தழையில், லாத்வியா நாட்டு மருத்துவர் ஒருவரின் பெயர் தங்கியிருப்பதைத் தாளிப்போர் அறியார். தாளிதமும் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. அம்மரத்தைக் கோனிக்குக்குக் காட்டியோரும், அதன் பயனை உரைத்தோரும் இந்நாட்டு மக்களே. பெயரிட்ட உரிமை ஒருவர்க்கு. பெயர் தெரிந்திருந்த உரிமை மற்றவர்க்கு. இரண்டும் உடன் வைத்து எண்ணப்படுதலே நேர்மை.

விற்பனை

நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆங்கிலர் 1801-இலும், மீண்டும் 1808 முதல் 1815 வரையும் தரங்கம்பாடியைக் கைப்பற்றி வைத்திருந்தனர். அதன்பின் வாணிகம் தழைக்கவில்லை. காப்பதற்குச் செலவு மிகுந்தது, வருவாய் குன்றியது. 1845-இல் டேனிய அரசு, தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் உள்ளிட்ட தன் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலக் கும்பினிக்குப் பன்னிரண்டரை இலக்கம் ரூபாய்க்கு விற்றது. கோட்டையும் கொத்தளமும் விலைபேசப்பட்டன. ஆங்கு வாழ்ந்த குடிகளை யாரும் கேட்டிலர். காலையில் ஒரு மன்னரின் குடிகளாய் எழுந்தோர் மாலையில் ஒரு வாணிகக் கும்பினியின் குடிகளாயினர்.

விற்றுத் தீராத பொருளும் ஒன்றிருந்தது. கேரி முதலியோர் சீராம்பூரில் 1818-இல் நிறுவிய கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டேனிய மன்னர் அளித்தார். அவ்வுரிமை இன்றும் நிலவுகின்றது. நம் நாட்டு இறையியற் கல்லூரிகள் பல அதன் வழியே பட்டம் வழங்குகின்றன. கொடி இறங்கியது, ஏடு நின்றது.

தரங்கம்பாடி மெல்லத் தளர்ந்தது. நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை முன்னரே வந்தமையின் வாணிகம் ஆங்குச் சென்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை சிலகாலம் இவ்வூரில் முன்சீப்பாய் இருந்தார். தமிழில் முதல் நாவல் எழுதிய பெருமை அவர்க்கு உரியது. மாயவரத்திலிருந்து 1926-இல் தரங்கம்பாடிக்கு வந்த இருப்புப்பாதையும் 1986-இல் நிறுத்தப்பட்டது.

கடலின் கணக்கு

டேனியர்க்கு மூன்று நூற்றாண்டு முன்னரே எழுந்த கோயில் ஒன்று தரங்கம்பாடிக் கடலோரத்தில் உள்ளது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 அளவில், எடுப்பிக்கப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்தது. அண்மையிலே திருப்பணி நிகழ்ந்து கற்கரை அமைக்கப்பட்டுள்ளது. பாண்டியர், நாயக்கர், மராத்தியர், டேனியர், ஆங்கிலர் எல்லாரும் இவ்வூரில் உரிமை கொண்டாடினர். கடல் ஒருவர் உரிமையையும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மிகுதியாக மாண்டோர் மீனவக் குடியினர். கரையோரம் இருந்த அவர்தம் குடில்கள் அழிந்தன. அறச் சங்கங்களின் உதவியால் கடலினின்று விலகிய இடத்திற் பலர்க்குப் புதுவீடுகள் எழுந்தன. உயிர்க்கு அஃது அரண் என்பதில் ஐயமில்லை. ஆயின் படகு ஓரிடத்திலும் அடுப்பு ஓரிடத்திலுமாகப் பிரிந்தது. வலை உலர்த்த இடம், மீன் இறக்க இடம், நள்ளிரவிற் கடல் முழக்கம் மாறுவதைக் கேட்டுணரும் செவி ஆகியவை வீட்டோடு கட்டித் தரக்கூடியன அல்ல.

அப்பேரழிவிற்குப் பின்னர் ஊரின் பழைய கட்டடங்கள்பால் கவனம் பெருகியது. தமிழக அரசும், இந்தியக் கலைமரபு காப்போரும், டென்மார்க்கு நாட்டு அருங்காட்சியகத்தாரும், 2002-இல் ஆங்குத் தோன்றிய தரங்கம்பாடிச் சங்கத்தாரும் உதவினர். ஆளுநர் மாளிகை பழுது நீங்கி எழுந்தது. சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாயிற்று. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியனவே. எனினும், இராச வீதியிற் புதுச்சுதை ஒளிர, அடுத்த தெருக்களிற் பழைய தமிழ் வீடுகள் ஓடு சரிந்து நிற்கக் கண்டோம். அவற்றையும் காப்பதற்கு யார் முன்வருவர்? டேனியர் வீடு என்பதனாலேயே ஒன்று காக்கப்பட்டு, தமிழர் வீடு என்பதனாலேயே மற்றொன்று விடப்படுமாயின், நாம் காப்பது ஊரை அன்று; ஊரின் ஒரு பாதியையே.

முடிவுரை

பயணிகள் இருவகையர். கட்டடத்தைக் கண்டு மீள்வோர் ஒருவகை. கட்டடத்துள் வாழ்ந்தோரைத் தேடுவோர் மற்றொரு வகை. தரங்கம்பாடி முதல்வகையினர்க்கு அரைநாளில் முடிந்துவிடும். இரண்டாம் வகையினர்க்கோ அது முடியாத பாடம். கோபன்கேகனில் உள்ள பொன்னேட்டிற்கும், வேப்பேரியில் அச்சான அகராதிக்கும், பொறையாற்றுக் கழனி வரப்பிற்கும், நம் அடுக்களைக் கறிவேப்பிலைக்கும் உள்ள தொடர்பை அங்கே உணரலாம்.

எம்மைப் போன்ற தமிழ் மாணாக்கர் ஆற்றத்தக்க கடமை ஒன்றும் உண்டு. டேனிய, செருமானிய மொழிகளில் நம் முன்னோரைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் கோபன்கேகனிலும் ஆலேயிலும் மிகுதியாக உள்ளன. அவற்றுள் தமிழாக்கம் பெற்றவை சிலவே. அம்மொழிகளுள் ஒன்றையேனும் நம்மவருட் சிலர் கற்றுக்கொண்டால், மண் சுமந்தோர், படகோட்டியோர், விடைமடல் எழுதியோர், பட்டம் மறுக்கப்பட்டோர் ஆகிய பலரின் பெயர்கள் அவ்வேடுகளிலிருந்து வெளிப்படும். திண்ணைப் பள்ளி மணலில் அமர்ந்து ஓர் அயல்நாட்டார் நம் எழுத்தைக் கற்றார். அவர் எழுத்தை நாம் கற்பதற்கு முந்நூறு ஆண்டுகள் காத்திருந்தது போதும்.